அறுபத்தொன்று புள்ளி மூன்று கிலோ சாம்பியன்

நீதி என்ற ஒன்று மனித குலத்துக்குத் தெரியவந்த நாளிலிருந்து அதன் கையில் இருப்பது தராசு. சாம்ராஜ்யங்கள் சரிந்திருக்கின்றன, சட்டங்கள் செல்லரித்திருக்கின்றன. தராசு மட்டும் இதுவரை யாருக்கும் தலைவணங்கியதில்லை. பள்ளி மல்யுத்தச் சம்மேளனத்தின் தராசு, கழிப்பறைக்கும் துடைப்பம் வைக்கும் அறைக்கும் நடுவே, நான்காவது காலுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டோடு நின்றது.

மூன்று வருடமாக அதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன் நண்டு. பிடிக்க வருகிறவனுக்கு நேரே போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து காலை வாருவான் என்பதால் அந்தப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. வருகை எடுக்கும் டீச்சர் மட்டும் அதை உபயோகித்தார். நண்டுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பூட்டோடு ஓர் ஆட்டம், கடைசி விசில் வரை.

பூட்டு பக்கத்துப் பள்ளிக்காரன். கை போட்டால் திறக்காது. பத்தாம் வகுப்பில், ஐம்பத்தைந்து கிலோ இறுதிப் போட்டியில், இருவரும் ஆறுக்கு ஆறு என்று நின்றார்கள். இன்னும் நாற்பது நொடி பாக்கி. பூட்டின் கை நண்டின் இடுப்பைச் சுற்றியிருந்தது. நண்டின் கை பூட்டின் முழங்காலில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமை விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நடுவர் விசில் ஊதினார். மேடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவசரத்தில் பதக்கத்தை விருந்தினரின் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

"ஆட்டம் இரு தரப்புக்கும் கௌரவமாக நிறைவுற்றது" என்று சம்மேளனம் தீர்மானம் எழுதியது. அதற்குப் பிறகு நண்டை யார் பார்த்தாலும் கேட்டது ஒரே கேள்வி: "ஜெயிச்சியா, தோத்தியா?" நண்டுக்குப் பதில் தெரியவில்லை. தான் உண்மையிலேயே நல்ல மல்யுத்தக்காரனா, அல்லது யாரோ ஒருவருடைய ரயில் காப்பாற்றிவிட்ட ஆளா என்பது அந்த நாற்பது நொடிக்குள் இருந்தது. நாற்பது நொடி சம்மேளனத்திடம் இருந்தது.

அடுத்த வருடம் பூட்டு வளர்ந்துவிட்டான். ஐம்பத்தொன்பது கிலோ பிரிவுக்குப் போய்விட்டான் என்று செய்தி வந்தது. நண்டு மூன்று மாதம் முட்டையாகச் சாப்பிட்டான். தையல் கடையில் துணி ஆல்டர் செய்யும் வேலை அவன் அம்மாவுக்கு. அவனுடைய போட்டி உடையின் இடுப்பைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

பிரிவு மாற விண்ணப்பம் வேண்டும். நான்கு பக்கம். ஏழாவது கட்டத்தில் 'இடம்பெயர்வின் நோக்கம்' என்று இருந்தது. 'பூட்டோடு மோத' என்று நண்டு எழுதினான். எடைச் செயலாளர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, இது மல்யுத்தச் சம்மேளனம். இங்க வந்து இன்னொருத்தனோட மோதணும்னு எழுதிக் குடுக்கிறியே, நல்லாவா இருக்கு? இதுக்குப் பேரு பகை."

"மல்யுத்தம்னா மோதறதுதானே சார்?"

"அது பொதுவா. நீ ஆளைக் குறிப்பிட்டு எழுதியிருக்க. 'உடல் வளர்ச்சி'ன்னு போடு. எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. தலைவர்கூட அதைத்தான் போட்டார், கட்டடத்தைப் பெருசாக்கும்போது."

உடல் வளர்ச்சி என்று போட்டான். அனுமதி வந்தது. எடை போடும் நாளும் வந்தது.

எடை போடுதல் சம்மேளனத்தில் ஒரு சடங்கு. தராசுக்கு வெல்வெட் துணி போர்த்தியிருப்பார்கள். அதைத் தலைவர் விலக்க வேண்டும். விலக்கும் முன் நியாயத்தைப் பற்றிப் பேச வேண்டும். பையன்கள் எல்லாரும் ஜட்டியோடு வரிசையில் நின்று கேட்க வேண்டும். அன்று ஜன்னல் இல்லாத அறையில் ஒரு மணி நேரம் பேசினார். பேச்சு ஆரம்பித்தபோது அறுபத்துமூன்று கிலோ பிரிவில் நின்ற ஒருவன், முடிந்தபோது வியர்த்து அறுபத்தொன்றில் இருந்தான். அவனுக்குச் சிறப்புக் கைதட்டல் கிடைத்தது.

நண்டு ஏறினான். ஐம்பத்தொன்பது. வரிசையில் பூட்டைத் தேடினான். பூட்டு எதிர்ச் சுவரோரம் கன்னம் ஒட்டிப்போய் நின்றிருந்தான். அவனை ஐம்பத்தைந்துக்கு இறக்கியிருந்தார்கள்.

"பாத்தியாடா?" என்றார் நண்டின் கோச். "நீ ஏறுறன்னு தெரிஞ்சதும் இறங்கிட்டான். உன்னைக் கண்டாலே ஓடுறான்."

"அப்ப நானும் இறங்கறேன் சார்."

"இறங்குவ, இறங்குவ. லூசாடா நீ? ஐம்பத்தொம்போதுல உன்னைத் தொட ஆளில்ல. பேசாம தங்கத்தை வாங்கிட்டு வா."

"அவனை ஜெயிச்சு வாங்கறேன் சார்."

கோச் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். அவர் கெட்டவர் இல்லை. அதனால் உண்மையைச் சொன்னார்.

"டேய், ஸ்கூல் வாசல்ல பேனர் கட்டணும். 'தங்கம்'னு போட்டா ரோட்டுல போறவன் நின்னு பார்ப்பான். 'இரண்டாம் இடம்'னு போட்டா எவன் பார்ப்பான்? நீங்க ரெண்டு பேரும் மோதினா ஒரு ஸ்கூலுக்குப் பேனர் இல்ல. மோதலைன்னா ரெண்டுக்கும் பேனர். கணக்கு வாத்தியார்கிட்ட வேணும்னா கேளு."

நண்டு அவரிடம் கேட்கவில்லை. பட்டினி கிடந்தான். வெள்ளரிக்காயும் கோபமுமாக ஆறு வாரத்தில் ஐம்பத்தைந்துக்கு வந்தான். அம்மா உடையின் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். அவன் இறங்கிய வாரம் பூட்டு ஐம்பத்தொன்பதுக்கு ஏறிவிட்டிருந்தான். நண்டு மறுபடி ஏறினான். பூட்டு அறுபத்துமூன்றுக்குப் போனான். நண்டு பின்னாலேயே போனான். பூட்டு இறங்கினான்.

"உன் இடுப்பு என்ன இடுப்பாடா, பஸ் கதவா?" என்றாள் அம்மா, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு. "தொறக்கறதும் மூடறதுமா இருக்கு. துணி இனி தாங்காது. ஓட்டையைச் சுத்தி நூலா, நூலைச் சுத்தி ஓட்டையான்னே தெரியல."

"கடைசித் தடவைம்மா."

"போன தடவையும் இதுதான் கடைசி. அந்தப் பையனோட அம்மா எங்க தைக்கிறாளோ பாவம். அவளும் இதே கதையாத்தான் உக்காந்திருப்பா."

பதினொன்றாம் வகுப்பு இப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு கடைசி வாய்ப்பு. பள்ளியை விட்டு வெளியே போனவன் சம்மேளனத்தின் எந்த மல்யுத்த மேட் மீதும் கால் வைக்க முடியாது.

அந்த வருடம்தான் சம்மேளனம் தன் சரித்திரத்திலேயே பெரிய சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. முந்தைய வருடப் போட்டிகளை ஆராய்ந்த துணைக்குழு ஓர் அதிர்ச்சியான உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. நடந்த ஒவ்வோர் ஆட்டத்திலும் சரியாக ஒருவன் தோற்றிருந்தான்.

"சரிபாதி!" என்று தலைவர் பொதுக்குழுவில் குரல் தழுதழுக்கச் சொன்னார். "வேறெந்தத் துறையிலாவது பாதிப் பேர் தோத்துப் போனா விட்டுவெப்போமா? பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் ஃபெயில் ஆனா டீச்சரை மாத்தறோம். இங்க மட்டும் கை தட்டறோம். இந்த அநியாயம் என் காலத்துல ஒழியணும்."

ஒழித்தார்கள். பத்தாக இருந்த எடைப் பிரிவுகள் முதலில் முப்பதாயின. அப்போதும் முப்பது பேர் இரண்டாம் இடத்துக்கு வந்தார்கள். எண்பதாக்கினார்கள். கிலோவை நூறு நூறு கிராமாக வெட்டினார்கள். ஒரே உயரமும் ஒரே எடையுமாக இரட்டைச் சகோதரர்கள் இருவர் மட்டும் பிரிக்க முடியாமல் நின்றார்கள். மூத்தவனை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வேறு பிரிவு ஆகிவிட்டான். முடிவில் பிரிவுகள் இருநூற்றுப் பதினான்கு. மல்யுத்த மாணவர்களும் இருநூற்றுப் பதினான்கு.

நண்டின் சான்றிதழில் அறுபத்தொன்று புள்ளி மூன்று என்று இருந்தது. அந்தச் சான்றிதழ் வருடம் முழுக்கச் செல்லும். உடம்பு கூடினாலும் குறைந்தாலும் அதற்குச் சம்மேளனம் பொறுப்பல்ல. மாற்ற விண்ணப்பம் கேட்டான். இனி வருடத்துக்கு ஒன்றுதான் என்றார்கள். அந்த ஒன்றை அவன் பெயரில் கோச் ஏற்கெனவே கொடுத்து, நிராகரிக்கவும் வைத்திருந்தார், பாதுகாப்புக்காக.

போட்டி நாளில் நண்டு தன்னந்தனியாக மேட்டில் நின்றான். நடுவர் எதிர்ப் பக்கத்தைப் பார்த்தார். எதிர்ப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. மூன்று நிமிடம் காத்திருந்துவிட்டு நண்டின் கையை உயர்த்தினார். அடுத்த மேட்டில் வேறொருவன் கையை உயர்த்தினார்கள். அதற்கடுத்ததில் ஒருவன் பழக்கதோஷத்தில் குனிந்து காலைத் தேடினான்; தடுத்து நிறுத்தினார்கள். மாலைக்குள் இருநூற்றுப் பதினான்கு கைகள் உயர்ந்தன. ஒரு சிராய்ப்புகூட இல்லை. வாசலில் பேனர் கட்ட இடமில்லாமல் பள்ளியில் மாமரக் கிளையை வெட்டினார்கள்.

பேனரில் தன் முகத்துக்குக் கீழே 'சாம்பியன்' என்று இருந்ததை நண்டு பார்த்தான். அன்று ராத்திரி அம்மாவிடம், "எனக்கு இந்தத் தங்கம் வேணாம்" என்றான்.

"வேணாம்னா திருப்பிக் குடு. அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?"

தங்கம் மறுப்பதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை. வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு பரிசளிப்பு நாளன்று சம்மேளனக் கட்டடத்துக்குப் போனான்.

விழா மூன்றாம் மாடி மண்டபத்தில். படியில் பூத்தொட்டிகளை அடுக்கி வழியை மறைத்திருந்தார்கள். லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே தலைவர் இருந்தார். எடைச் செயலாளர் இருந்தார். இருவருக்கும் நடுவே பதக்கங்கள் நிறைந்த இரண்டு இரும்புப் பெட்டிகள் இருந்தன. மூலையில் சுவரோடு சுவராகப் பூட்டு இருந்தான்.

நண்டு யோசிக்காமல் ஏறிவிட்டான்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு மூடவில்லை. தகட்டில் 'நான்கு பேர், 272 கிலோ' என்று எழுதியிருந்தது.

"சார், ஓவர்லோடு போலருக்கு," என்றான் நண்டு. "நான் இறங்கிடவா?"

"இரு இரு," என்றார் செயலாளர். "முன்னெல்லாம் மணி வேற அடிக்கும். தலைவர் ஏறும்போதெல்லாம் அடிச்சுது. மரியாதைக் குறைவா இருந்துச்சு, கழட்டிட்டோம். விளக்கு மட்டும் திருந்தல." பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். "நீ அறுபத்தொண்ணு புள்ளி மூணு. அவன் அறுபத்தொண்ணு புள்ளி ஏழு. நான் ஸ்கூல்ல அம்பத்தொம்போது. தலைவர் அம்பத்தஞ்சு."

நண்டு தலைவரைப் பார்த்தான். லிஃப்டில் பாதி அவராகவே இருந்தது.

"அம்பத்தஞ்சா சார்?"

"பள்ளிக் காலத்துல அம்பத்தஞ்சுல வெண்கலம். அதுக்கப்புறம் பிரிவு மாத்தச் சொல்லி விண்ணப்பம் எதுவும் குடுக்கல. ஆக மொத்தம் இருநூத்தி முப்பத்தேழு. இன்னும் முப்பத்தஞ்சு கிலோ இடம் இருக்கு."

"பெட்டிங்க?" என்றான் பூட்டு. நண்டு அவன் குரலைக் கேட்டது அதுதான் முதல் முறை. எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருந்தது.

"பதக்கத்துக்கு ஏதுப்பா எடைப் பிரிவு?"

செயலாளர் ஒரு சாவியைப் போட்டுத் திருகினார். கதவு மூடியது. லிஃப்ட் முனகிக்கொண்டே கிளம்பி, இரண்டாம் மாடியைத் தாண்டி, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல நின்றது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பிறகு எதுவும் நடக்கவில்லை.

முதல் பத்து நிமிடம் செயலாளர் எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். அடுத்த பத்து நிமிடம் போனில் யாரையோ திட்டினார். மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கையில் எழுதிய பேச்சு இருந்தது. எதிரே கேட்க ஆள் இருந்தது. ஆள் வெளியே போக வழி இல்லை. உலகத்தில் எந்தப் பேச்சாளருக்கும் இப்படியொரு சபை வாய்த்ததில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"வருங்கால வீரர்களே..."

இரண்டாம் பக்கத்தில் காற்று கனத்தது. மூன்றாம் பக்கத்தில் தலைவர் இரு கையையும் விரித்தார். நண்டும் பூட்டும் ஒருவரோடொருவர் ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. பூட்டின் முழங்கை நண்டின் விலா எலும்பில் இருந்தது.

"ஏன்டா ஓடின?" என்று கிசுகிசுத்தான் நண்டு.

"யாரு, நானா? நீதானேடா ஓடின. நான் இறங்குனா நீ ஏறிட்ட."

"உன்னைத் தேடித்தான் ஏறினேன்!"

"உன்னைத் தேடித்தான் நான் இறங்கினேன். முதல் தடவை எங்க கோச் இறக்கினாரு. அப்புறம் எல்லாம் நான்தான். பட்டினி கிடந்து செத்தேன்."

"எங்க கோச், நீ பயந்துட்டன்னு சொன்னாரு."

"எங்க கோச்சும் அதேதான் சொன்னாரு. வார்த்தை மாறாம."

பேச்சுக்கு இடைஞ்சல் வந்ததில் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். செயலாளர் சமாதானப்படுத்துவதற்காக முன்வந்தார். அவருக்கு அந்த விஷயத்தில் சற்றுப் பெருமையும் இருந்தது.

"தம்பிங்களா, இது தானா நடந்ததுன்னு நெனச்சுக்காதீங்க. இவன் விண்ணப்பம் வந்ததும் அவன் கோச்சுக்குப் போன் பண்ணி, இவன் போற பிரிவை அவன்கிட்ட மாத்திச் சொல்ல வெப்பேன். அவனுது வந்தா இவன் கோச்சுக்கு. ரெண்டு வருஷத்துல பதினோரு தடவை. ஒரு தடவைகூடத் தப்பல. எம் பொண்ணு கல்யாணத்தன்னிக்குக்கூட மண்டபத்துல இருந்து ஒரு போன் போட்டேன்."

"ஏன் சார்?" என்றான் நண்டு.

அதற்குத் தலைவரே பதில் சொன்னார், தாளைப் பார்க்காமல். அவர் அன்று தாளைப் பார்க்காமல் பேசியது அது மட்டும்தான்.

"ஏன்னா நீங்க ரெண்டு பேரும் நல்லா ஆடறவங்க. சுமாரா ஆடறவனுங்க மோதிக்கிட்டா யாருக்கு என்ன நஷ்டம்? நல்லவங்க ரெண்டு பேர் மோதினா, ஒருத்தன் நல்லவன் இல்லேன்னு ஆயிடும். அவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்த ஆளை ஒரு நிமிஷத்துல வீணாக்கறதா? எந்த விவசாயியாவது விளைஞ்சதை வயல்லயே கொளுத்துவானா? நான் வந்து ஒன்பது வருஷம் ஆகுது. இந்தச் சம்மேளனத்துல முதல் தரமான ஆள் ஒருத்தன்கூடத் தோத்ததில்ல."

"ஜெயிச்சதும் இல்ல," என்றான் பூட்டு.

"இருநூத்திப் பதினாலு தங்கம்ப்பா! கண்ணு முன்னால பெட்டில இருக்கு, அப்புறம் என்ன?" என்றார் தலைவர், நிஜமாகவே புரியாமல். பிறகு நான்காம் பக்கத்தைப் புரட்டினார்.

ஆறாம் பக்கத்தில் கூரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ள எத்தனை பேரு?" என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நாலு பேர்," என்று கத்தினார் செயலாளர். "இருநூத்தி முப்பத்தேழு கிலோ!"

"யாரு சொன்னது?"

"சான்றிதழ் இருக்கு!"

"அதை நீங்க லிஃப்டோட கம்பிவடத்துக்கிட்டல்ல காட்டியிருக்கணும்."

கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி லிஃப்டை மூன்றாம் மாடிக்கு ஏற்றிக் கதவை நெம்பித் திறந்தார் மெக்கானிக். முதலில் பையன்கள் வந்தார்கள். பிறகு பெட்டிகள் வந்தன. தலைவரைக் கொண்டுவரக் கொஞ்சம் நேரமாயிற்று. நேர் எதிரே மண்டபம். இருநூற்றுப் பன்னிரண்டு சாம்பியன்கள் நாற்காலியில் தூங்கிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் இருந்தார்கள். மேடைக்கு முன்னால், நான்கு பக்கமும் ரிப்பன் கட்டி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம்புது மேட் ஒன்று அலங்காரத்துக்குப் போடப்பட்டிருந்தது. 'மிதிக்காதீர்கள்' என்று அட்டை வைத்திருந்தார்கள்.

நண்டு மேட்டைப் பார்த்தான். பூட்டும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வர்றியா?"

"நான் புள்ளி ஏழு. நீ புள்ளி மூணு."

"ஷூவைக் கழட்டுடா."

ரிப்பனைத் தாண்டி உள்ளே போனார்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்த சத்தத்தில் தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். செயலாளர் பதிவேட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"செல்லாது! ரெண்டு பேரும் வேற வேற பிரிவு! நடுவர் இல்ல! படிவம் இல்ல!"

"இறங்கலேன்னா ரெண்டு பேரோட தங்கமும் ரத்து!" என்றார் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு.

நண்டு சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "அதுதான் சார் எழுதிட்டு வந்தேன். ரொம்ப நன்றி."

நடுவர் வேண்டுமே என்று இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். மெக்கானிக் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதேப்பா. எப்படி ஆனா தோத்த மாதிரி?"

"ரெண்டு தோளும் தரையில படணும்ண்ணே. அவ்வளவுதான்."

"அது பாத்தாலே தெரியும்," என்று மேட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, போனில் கடிகாரத்தைத் தட்டினார்.

மண்டபம் எழுந்து நின்றது. நாற்காலிகள் சரிந்தன. அந்த வருடம் முழுக்க ஒருவரும் ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் தோளில் ஏறினார்கள். நண்டு குனிந்தான். மூன்று வருடமாக மனசுக்குள் ஆடிப் பார்த்த ஆட்டம். பக்கவாட்டில் நகர்ந்தான். பூட்டு கை போட்டான்.

"பதினோரு செகண்டு," என்றார் மெக்கானிக். "ரெண்டு தோளும் பட்டுச்சு."

நண்டு கொஞ்ச நேரம் படுத்தபடியே கூரையைப் பார்த்தான். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கால் வழுக்கிவிட்டது என்றும் இன்னொரு தடவை ஆடலாம் என்றும் சொன்னான். பூட்டு சரி என்றான்.

இரண்டாவது தடவை நண்டின் தோள்கள் ஏழு நொடியிலேயே பட்டன.